புதுச்சேரி விசா ஆலோசனை நிலையம் ஒன்று: ஜெர்மனிக்குத் தெளிவு, கனடாவுக்குப் பழைய கையேடு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் தம்பியை அழைத்துக்கொண்டு, புதுச்சேரியிலுள்ள வெளிநாட்டு வேலை விசா ஆலோசனை நிலையம் ஒன்றுக்கு நான்கு முறை சென்றுவந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். தம்பிக்கு வயது 29. கணினிப் பொறியியல் முடித்து நான்கு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறான்.

முதல் நாளே ஆலோசகர் அமெரிக்காவைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார். எச்-1பி எனும் வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்களும், அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்களுமே உண்டு என்பதையும், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாக விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற ஆணை 2025 செப்டம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததையும் விளக்கி, "இதை நம்பி இங்க பணம் கட்டாதீங்க சார்" என்றார். வாடிக்கையாளரை இழந்தாலும் உண்மையைச் சொல்லும் அந்தப் பண்பை மனமார மதிக்கிறேன்.

பிரிட்டனில் திறன்பணியாளர் விசாவுக்கான பொதுவான ஊதிய வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்ததால், அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஜெர்மனிக்குத்தான் இவர்களிடம் செல்ல வேண்டும். 2024 ஜூனில் தொடங்கிய 'சான்சன்கார்ட்டே' என்ற வாய்ப்பு அட்டை, வேலை கைக்கு வரும் முன்பே அங்கு சென்று ஓராண்டு வரை வேலை தேட அனுமதிக்கிறது. பட்டத்துக்கு அந்நாட்டில் முழு அங்கீகாரம் இருந்தால் வயது, அனுபவம் போன்றவற்றுக்கான தகுதி மதிப்பெண்ணே தேவையில்லை என்பதால், முதலில் தம்பியின் கல்லூரியையும் பட்டத்தையும் வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைக் காட்டும் 'அனபின்' என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் எங்கள் கண்முன்னே தேடிப் பார்த்தார்கள். பட்டம் அதில் இல்லை என்றதும், தேவையான ஆறு மதிப்பெண்களைத் தாளில் எழுதிக் காட்டினார்கள்: 35 வயதுக்கு உட்பட்டவர் என்பதற்கு இரண்டு, பணி அனுபவத்துக்கு இரண்டு, ஆள்பற்றாக்குறை உள்ள துறைக்கு ஒன்று, ஜெர்மன் மொழியில் ஏ2 எனும் தொடக்க நிலைக்கு ஒன்று. மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற முடக்க வங்கிக் கணக்கில் 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கான தொகையைக் காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொன்னதால், வீட்டில் நிதானமாக அமர்ந்து கணக்குப் போட முடிந்தது.

கனடா பிரிவில் இந்தக் கவனம் இல்லை. அங்குள்ள நிறுவனத்தின் வேலைவாய்ப்புக் கடிதம் இருந்தால், குடியேறுவோரை மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில் 50 மதிப்பெண் கூடும் என்று கூறி, அதைப் பெற்றுத் தரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். அந்த மதிப்பெண்ணைக் கனடா அரசு 2025 மார்ச் 25 அன்றே நீக்கிவிட்டது. அரசின் இணையதளத்தைக் காட்டியதும் தவற்றை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அடுத்த முறை சென்றபோதும் மேசையில் அதே பழைய கையேடு இருந்தது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் வந்துபோகும் இடத்தில் இதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எந்த நிலையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் இரண்டு முறை கேட்ட பிறகே தந்தார்கள். தம்பி இப்போது ஏ2 தேர்வுக்குப் படிக்கிறான். அது முடிந்ததும் ஜெர்மனி ஆவணங்களுக்கு மட்டும் மீண்டும் இவர்களிடமே செல்வோம்.