நாயின் முழங்கால்: நைலான் இழையா, எலும்பு வெட்டா?

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப்பிடிக்கும் நாரான முன் க்ரூசியேட் லிகமென்ட், மனிதருக்கு ஒரே திருகலில் அறும். நாய்க்குப் பெரும்பாலும் மாதக்கணக்கில் நைந்து அறுகிறது. நாயின் டிபியா எனும் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், சுமார் 22 முதல் 26 டிகிரி வரை. லிகமென்ட் போய்விட்டால், கால் ஊன்றும்போதெல்லாம் தொடையெலும்பு அந்தச் சரிவில் வழுக்கும், டிபியா முன்னால் தள்ளப்படும்.

இதைச் சரிசெய்யும் அறுவைகளில் ஒன்றான லேட்டரல் சூச்சர் முறையில் சரிவை யாரும் தொடுவதில்லை. மூட்டுக்கு வெளியே, தொடையெலும்பின் பின்னுள்ள ஃபபெல்லா என்ற சிற்றெலும்பிலிருந்து டிபியாவின் முன்முகட்டுத் துளைக்கு நைலான் இழையை இழுத்துக் கட்டுவார்கள். இழை என்றைக்காவது தளரும், அறும். அதற்குள் சுற்றியுள்ள திசு தடித்து மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கணக்கு அவ்வளவுதான். அளவுக்கு மீறி இறுக்கினால் டிபியா வெளிப்பக்கம் திரும்பிவிடும்.

இரண்டாவது முறையான டிபிஎல்ஓ, அதாவது டிபியாவின் மேல்தளத்தை வெட்டிச் சமன்படுத்தும் அறுவை, சரிவையே மாற்றுகிறது. வில்வடிவ ரம்பத்தால் டிபியாவின் தலையை வெட்டிச் சுழற்றி, சரிவைச் சுமார் 5 டிகிரிக்குக் கொண்டுவந்து உலோகத் தகடு (பிளேட்) போடுவார்கள். 24 மி.மீ. ஆரமுள்ள ரம்பத்தில் 25 டிகிரியை 5 ஆக்க, வெட்டுக்கோட்டில் ஏறத்தாழ 8.3 மி.மீ. நகர்த்த வேண்டும். 1 மி.மீ. பிசகினாலே 2 டிகிரிக்கு மேல் போய்விடும். எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் இரு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால், அளந்த கோணமே பொய். குறைவாகச் சுழற்றினால் வழுக்கல் நிற்காது. கூடினால் பாரம் அதன் இணையான பின் க்ரூசியேட் லிகமென்ட்டின் தலையில் விழும். வெட்டு முன்னால் தள்ளிப்போனால் மெலிந்த முன்முகடு முறியும். ரம்பம் ஓடும்போது சலைன் ஊற்றாவிட்டால் எலும்பு சூட்டில் கருகும்.

மூன்றாவது டிடிஏ. முன்முகட்டைக் கூண்டு வைத்து முன்னே தள்ளி, கால் நீட்டிய நிலையில் பட்டெல்லா (முழங்கால் சில்லு) நாணை மேல்தளத்துக்கு 90 டிகிரியில் நிறுத்துவது. சரிவு மிக அதிகமான நாய்க்கு இது ஒத்துவராது.

2005-ல் லாப்ரடார்களில் வந்த ஒப்பீட்டில் லேட்டரல் சூச்சருக்கும் டிபிஎல்ஓவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மூட்டுக்குள்ளேயே கட்டும் முறைதான் பின்தங்கியது. 2013-ல் கால் ஊன்றும் விசையை அளக்கும் தட்டில் நடக்கவைத்துப் பார்த்த சோதனையில், ஓராண்டு முடிவில் டிபிஎல்ஓ முந்தியது. பெரிய, துள்ளும் நாய்க்கு எங்கள் ஓட்டும் அதற்கே, ஆனால் பழகிய கையில் மட்டும். ரம்பம் பழகாத கையில் நைலான் இழை செய்யும் சேதம் குறைவு. கத்தியே வேண்டாமா என்றால், 1984-ன் ஒரு தொகுப்பில் 15 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் சுமார் 86 விழுக்காடு அறுவை இல்லாமலே தேறின. அதற்கு மேற்பட்டவற்றில் 19 விழுக்காடுதான்.

எந்த முறையானாலும் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான உட்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பைக் கொக்கியால் தொட்டுப் பார்க்காமல் தைக்கக் கூடாது. நன்றாக நடந்த நாய் சில மாதம் கழித்துத் திடீரெனக் காலைத் தூக்கினால், மடக்கும்போது ‘டக்’ என்று கேட்டால், பிளேட்டைச் சந்தேகிக்கும் முன் மெனிஸ்கஸைப் பாருங்கள்.