கடலடியில் எதை நம்புவது: கத்தியா, லைன் கட்டரா, கத்தரிக்கோலா?

ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறவர்கள் அறுப்பதற்கு ஏதாவது ஒன்றை உடன் வைத்திருந்தே ஆக வேண்டும். கைவிடப்பட்ட வலைகளும் அறுந்த தூண்டில் நரம்புகளும் பாறைகளிலும் மூழ்கிய கப்பல்களிலும் சிக்கிக் கிடக்கின்றன. நைலான் நரம்பு தெளிந்த நீரில்கூடக் கண்ணுக்குத் தட்டுப்படாது. மூன்று கருவிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு நான் கத்தரிக்கோலில் நிலைத்துவிட்டேன்.

பருத்த கயிறு என்றால் ரம்பப் பல் வைத்த கத்திதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கெண்டைக்காலில் கட்டிக்கொள்ளும் பெரிய கத்தி வேண்டவே வேண்டாம். அதன் பிடியே வலையில் போய் மாட்டும்.

கத்தரிக்கோல் பக்கம் என்னைச் சாய்த்தது நரம்பின் தொய்வு. கத்தி அறுக்க வேண்டுமானால் நரம்பு விறைப்பாக நிற்க வேண்டும். தொய்ந்த நரம்பு கத்தியோடு சேர்ந்தே நகரும். ஒரு கையால் இழுத்துப் பிடித்தால்தான் மறு கையால் அறுக்க முடியும். சிக்கலோ பல நேரம் முதுகுக்குப் பின்னால், சிலிண்டர் வால்வில் விழுகிறது. அங்கே ஒரு கை எட்டுவதே பெரிய காரியம், கண்ணோ எட்டவே எட்டாது. கத்தரிக்கோலுக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை இல்லை. இரண்டு அலகுகளுக்கு நடுவே நரம்பு வந்துவிட்டால் போதும், ஒரே கையால் வெட்டிவிடலாம். முதலுதவிக் குழுவினர் துணி வெட்ட வைத்திருக்கும் வகையாகப் பாருங்கள். அதன் முனை மழுங்கியிருப்பதால் உடம்பில் குத்தாது. கத்திக்கு மசியாத மெல்லிய உலோகத் தூண்டில் கம்பியையும் அது வெட்டும். ஒரே எச்சரிக்கை: அலகுகளை மூடுமுன் விரலால் தடவி, உள்ளே இருப்பது காற்றுக் குழாய் அல்ல என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

லைன் கட்டர் என்பது குறுகிய வாய்க்குள் அலகு பொருத்திய நரம்பு அறுக்கும் கருவி. அது சிறியது, கூர் உள்ளே ஒளிந்திருப்பதால் கையைக் கிழிக்காது, பலவற்றில் அலகை மாற்றிக்கொள்ளலாம். இழுபட்டு நிற்கும் நரம்பை ஒரே இழுப்பில் அறுத்துவிடும். தடித்த கயிறு அதன் வாய்க்குள் நுழையாது. துணைக் கருவியாக இதைவிட நல்லது இல்லை.

கத்தரிக்கோலின் குறை துரு. அலகுகளைவிட நடு ஆணியில்தான் அது முதலில் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே சில தடவை திறந்து மூடி, விரித்தபடி காயவைத்து, ஆணியில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விடுங்கள். இதற்குச் சோம்பல்படுபவர்கள் டைட்டானியம் கத்தி வாங்கலாம். துருப்பிடிக்காது, ஆனால் நல்ல எஃகு அளவுக்குக் கூர் நிற்காது.

தடித்த கையுறை தேவைப்படும் குளிர்நீரில் எனக்கு அனுபவம் குறைவு. விரல்கள் பிடி வளையத்துக்குள் நுழைகின்றனவா என்பதைக் கரையிலேயே கையுறையோடு பார்த்துவிடுங்கள்.

நான் கத்தரிக்கோலை இடுப்புப் பட்டையின் நடுவிலும் லைன் கட்டரைத் தோள்பட்டையிலும் வைக்கிறேன். எந்தக் கை மாட்டிக்கொண்டாலும் மற்றதற்கு இரண்டும் எட்டும்.