பலகைத் தரையில் பூனை மூத்திர வாடை: காடியா, சோடாவா, பெராக்சைடா?

கோலாலம்பூரின் பழைய அடுக்குமாடிகளில் பார்க்கே தரை (சிறு மரத்துண்டுகள் பதித்தது), பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் மாடியில் பலகைத் தரை. இரண்டிலும் மூத்திரம் இடுக்கில் இறங்கிவிட்டால், துடைத்துப் போன வாடை மழைநாளில் மறுபடி எழும். மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. மரத்துக்குள் படிந்து கிடந்து, காற்றில் ஈரம் ஏறும்போது நாற்றத்தைக் கிளப்பும். நம் ஊர் ஈரத்தில் இது ஓயாத தொல்லை.

ஈரம் காயாத புதுக்கறைக்கு வெள்ளைக் காடியே (வினிகர்) போதும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். காடியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, ஐந்து நிமிடத்துக்குள் வெறுந்தண்ணீர்த் துணியால் எடுத்துவிடுங்கள். அம்மோனியா நெடி அடங்கும். அதற்கு மேல் விட்டால் வார்னிஷ் மங்கும். பழங்கறையில் காடியால் பெரிய பலன் இல்லை.

சமையல் சோடா காய்ந்த தரைக்குத்தான். இரவில் தடிப்பாகத் தூவி, காலையில் வேக்கூமால் உறிஞ்சுங்கள். மேலோட்டமான வாடையை மட்டும் இழுக்கும். சோடாவின் மேல் காடி ஊற்றினால் நுரைதான் மிச்சம். ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

பினாங்கில் பல வீடுகளில் பழத்தோல் என்சைம் இருக்கும்: சர்க்கரை 1, தோல் 3, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம் புளிக்க வைத்தது. நல்ல பொருள்தான், ஆனால் இங்கே அது செய்வது காடியின் வேலையே. யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் அதில் இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். சர்க்கரை மிச்சமிருந்தால் எறும்பு வேறு வரும்.

ஊறிப்போன கறைக்கு எங்கள் தேர்வு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு. நாற்றப் பொருள்களையே ஆக்சிஜனேற்றி மாற்றும். மரத்தின் நிறத்தையும் வெளுக்கும் என்பதால், அலமாரிக்கு அடியில் ஓர் ஓரத்தில் முதலில் சோதியுங்கள். கையுறை போட்டு, பஞ்சை நனைத்துக் கறை அளவுக்கு மட்டும் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மணிக்கு ஒருமுறை பார்த்து, நிறம் போதுமென்றதும் எடுங்கள்; மூன்று மணி நேரத்தைத் தாண்டவேண்டாம். பிறகு ஈரத்துணியால் துடைத்து, விசிறி போட்டு ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே வார்னிஷ் பூசினால் வெண்திட்டு விழும். காடி போட்ட இடத்தைக் கழுவாமல் பெராக்சைடு வைக்காதீர்கள். கலந்தால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் பெராசெட்டிக் அமிலம் உண்டாகும்.

குளோராக்ஸ் போன்ற பிளீச் வேண்டவே வேண்டாம். மூத்திர அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு. டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு விஷம்.

லேமினேட் தரையில் இணைப்பு உப்பியிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். திடமரமாக இருந்து, பெராக்சைடு இருமுறை வைத்தும் வாடை போகாவிட்டால், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசி அடைத்துவிடுங்கள்.