ஓர் ‘இல்’, மூன்று வாசல்: இன்னா, ஆனா, அட்டா?

மதுரையில் இருக்கிறேன், மேஜையில் இருக்கிறது, வாசலில் நிற்கிறார். மூன்றுக்கும் நமக்கு ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மதுரைக்கு இன், மேஜைக்கு ஆன், வாசலுக்கு அட். நம் தடுமாற்றத்தில் பாதி இந்த ஓர் உருபில்தான் தொடங்குகிறது. இத்தனைக்கும் ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளை அடுக்குகிறது: கண், கால், கடை, இடை, மேல், கீழ், உள் என்று போகும் அந்தப் பட்டியல். இன்றைய பேச்சில் ‘இல்’ மட்டும்தான் எல்லா வேலைக்கும் ஓடுகிறது. மேல், உள் போன்றவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தால்தான் எடுக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் உள்ளேயா, மேலேயா, வெறும் புள்ளியா என்று சொல்லியே ஆகவேண்டும்.

புள்ளி என்றால் அட், பரப்பு என்றால் ஆன், சூழ்ந்திருந்தால் இன். பள்ளியில் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். வண்டியில் ஏறினால் இந்த விதி இடிக்கும். காருக்கும் ஆட்டோவுக்கும் இன், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விமானத்துக்கும் ஆன். பஸ்ஸின் கூரைமேலா போகிறோம்? இல்லை. எழுந்து நின்று நடக்க இடமிருக்கும் வண்டிக்கு ஆன், குனிந்து நுழைந்து அப்படியே உட்காரும் வண்டிக்கு இன் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சைக்கிள், பைக், குதிரை இவற்றின் மேல்தான் உட்காருகிறோம், ஆகவே ஆன். ‘பை பஸ்’ வேறு கணக்கு. அது எப்படி வந்தாய் என்ற கேள்விக்கான பதில். ‘பை பைக்’ சரி, ‘பை மை பைக்’ தவறு. யாருடையது, எது என்று குறிப்பிட்டவுடன் பை விலகிவிடும்: ‘ஆன் மை பைக்’, ‘இன் மை கார்’.

ஓர் இடத்தில் தமிழே கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் அறைக்கும் தெருவுக்கும் கார்னர் ஒன்றுதான். நாம் அறைக்கு மூலை என்கிறோம், தெருவுக்கு முனை அல்லது முக்கு என்கிறோம். மூலை என்று வந்தால் இன், முனை என்று வந்தால் அட். குடை அறை மூலையில் இருந்தால் ‘இன் தி கார்னர்’, டீக்கடை தெரு முனையில் இருந்தால் ‘அட் தி கார்னர்’.

‘ஐ லிவ் அட் சென்னை’ என்று எழுதுபவர்களை நான் அவ்வளவாகக் குறை சொல்லமாட்டேன். நம் உயர் நீதிமன்றத்தின் முழுப்பெயரே ‘ஹை கோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர் அட் மெட்ராஸ்’ என்றுதான் இருக்கிறது. அங்கே நகரம், நீதிமன்றம் அமரும் ஒரு புள்ளி. பத்திரங்களிலும் அதே பழக்கம் உண்டு. குடியிருக்கும் ஊர் நமக்குப் புள்ளியல்ல, நம்மைச் சூழ்ந்தது. அதனால் ‘இன் சென்னை’. கதவு எண்ணோடு முகவரி சொன்னால் மட்டும் அட்.

காலத்துக்கும் இதே மூவர்தான். மணிக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் வருஷத்துக்கும் இன். காலைக்கு இன், இரவுக்கு அட் என்பதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்பது நம் அலுவலகக் கடிதங்களில் தினமும் வரும் பிழை. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ் வந்தால் முன்னால் எதுவும் வராது. வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் ஆன் டைம். கிளம்புவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தால் இன் டைம்.

சின்ஸா, ஃபாரா?

இந்திக்காரர்களுக்கு இரண்டுக்கும் ‘ஸே’ ஒன்றுதான். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. ‘இரண்டு வருஷமாக’ என்றால் ஃபார், ‘2022-லிருந்து’ என்றால் சின்ஸ். ஆனாலும் ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று நம் ஊரிலும் காதில் விழுகிறது. அதைவிட ஆழமான பிழை வினையில் இருக்கிறது. ‘வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று வந்துவிடுகிறது. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றால்தான் முந்தைய காலமும் இன்றும் சேரும். இனிமேல் தொடங்கப்போவதற்குச் சின்ஸ் வராது. அடுத்த திங்களிலிருந்து என்றால் ஃப்ரம்.

பையா, வித்தா?

இங்கே மாட்டிவிடுவது ‘ஆல்’. கத்தியால் வெட்டினான், அவனால் வெட்டப்பட்டது. தமிழில் ஆளுக்கும் கருவிக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் ஆளுக்குப் பை, கருவிக்கு வித். ‘கட் இட் பை எ நைஃப்’ என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும், உறுத்தவும் செய்யும்.

வேண்டாத இடத்தில் போடுவதும் உண்டு. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதால் ‘டிஸ்கஸ் அபவுட்’ வருகிறது. டிஸ்கஸுக்கு எதுவும் வேண்டாம். அவரோடு கல்யாணம் என்பதால் ‘மேரீட் வித்’, சரியானது ‘மேரீட் டூ’. எதிர்ப்பக்கம், ‘பாட்டைக் கேள்’ என்பதில் ‘ஐ’ மட்டுமே இருப்பதால் ‘லிசன் தி சாங்’ என்று டூவை விழுங்கிவிடுகிறோம். எனக்குச் சொல் என்றால் ‘டெல் மீ’, எனக்கு விளக்கு என்றால் ‘எக்ஸ்ப்ளெயின் டூ மீ’. ஒரே ‘கு’, இரண்டு நடத்தை.

இருவர் என்றால் பிட்வீன், அதற்கு மேல் அமங் என்று சொல்லிக்கொடுத்தது பாதிதான் உண்மை. தனித்தனியாகப் பெயர் சொல்ல முடிந்தால் மூன்றுக்கும் பிட்வீன் பொருந்தும்: சென்னை, கோவை, மதுரைக்கு இடையே. கூட்டமாகப் பார்த்தால் அமங்.

பையா, அன்டிலா?

குழப்பத்துக்கு உண்மையில் விலை கொடுக்க வைப்பது இந்த ஜோடி. வெள்ளிக்குள் என்றால் பை, வெள்ளி வரை என்றால் அன்டில். ‘அன்டில் ஃப்ரைடே அனுப்பு’ என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இரு என்று ஆகிவிடும். ‘குள்’ளுக்கும் இரண்டு முகம் உண்டு. குறித்த நாளாக இருந்தால் பை, கால அளவாக இருந்தால் விதின். இரண்டு நாளுக்குள், விதின் டூ டேஸ். அதையே ‘இன் டூ டேஸ்’ என்றால் எதிரில் இருப்பவர் இரண்டு நாள் கழித்து என்றே எடுத்துக்கொள்ளலாம். அவசர வேலைக்கு விதின்தான் நல்லது.

அன்டில் சரியாகப் போட்டாலும் ஒரு சிக்கல் பாக்கி. ஒருமுறை ‘ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்று தானியங்கி பதிலை வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திங்கள் காலை 10 மணிக்கு என்னை வைத்து ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. நான் அப்போது திருநெல்வேலி பஸ்ஸில். திங்களும் சேர்த்துத்தான் லீவு என்பது என் கணக்கு, திங்கள் வந்துவிடுவேன் என்பது அவர்கள் கணக்கு. ‘திங்கள் வரை லீவு’ என்று தமிழில் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். இப்போதெல்லாம் ‘பேக் ஆன் டியூஸ்டே’ என்று மட்டும் எழுதுகிறேன்.