பள்ளிக்கூடமா, எய்கைவாவா? ஜப்பானில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை தேடினால் விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். பல்கலைக்கழக வேலையை விட்டுவிடலாம், அதற்கு முதுகலைப் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் கேட்பார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஒன்று, அரசுப் பள்ளியில் உதவி மொழி ஆசிரியர். சுருக்கமாக ஏஎல்டி என்பார்கள். இன்னொன்று எய்கைவா, அதாவது ஆங்கிலம் பேசப் பழக்கும் தனியார் நிலையம். சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார், எதிரே உட்காரப்போவது யார் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஏஎல்டி வேலையிலேயே இரண்டு ரகம் உண்டு. 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டம் முதல் ரகம். இந்தியாவும் சிங்கப்பூரும் அதில் பங்கேற்கின்றன. ஆனால் இந்தியாவிலிருந்து தேர்வாகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊரின் கல்வி வாரியம் போன்ற அமைப்பே நேரடியாக வேலைக்கு எடுக்கும், விமான டிக்கெட்டும் கிடைக்கும். 2025 ஏப்ரலில் சம்பளத்தை உயர்த்திய பிறகு முதல் ஆண்டுக்கு 40.2 லட்சம் யென். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. எந்த ஊர் என்பது மட்டும் நம் கையில் இல்லை. விருப்பத்தைச் சொல்லலாம், கிடைப்பது மலையடிவாரக் கிராமமாகவும் இருக்கலாம். அங்கே கார் இல்லாமல் கஷ்டம். நம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும், அதற்குள் ஜப்பானிய உரிமத்துக்கு மாறிவிட வேண்டும்.

இரண்டாவது ரகம், பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள். வகுப்பறையும் பிள்ளைகளும் அதேதான், சம்பளக் கவர்தான் வேறு. மாதம் இரண்டு முதல் இரண்டரை லட்சம் யென் என்பது வழக்கமான அளவு. கோடை விடுமுறை வரும் ஆகஸ்டில் அதையும் குறைத்துக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம் இருப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

வகுப்பு எப்படி இருக்கும்? நடத்துகிறவர் ஜப்பானிய ஆசிரியர். பாடப்புத்தகமும் தேர்வும் அவர் பொறுப்பு. நீங்கள் வாசித்துக் காட்டுவீர்கள், விளையாட்டு நடத்துவீர்கள், உச்சரிப்பைத் திருத்துவீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று ஒரு மாணவனைக் கேட்டால் உடனே பதில் வராது. பக்கத்துப் பையனிடம் திரும்பிக் குசுகுசுவென்று பேசி, நோட்டைப் புரட்டி, அப்புறம்தான் மெதுவாக வாயைத் திறப்பான். பதில் தெரியாததால் அல்ல, எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற தயக்கம்தான். கேள்வி முடிவதற்குள் பத்துப் பேர் கத்தும் நம்மூர் வகுப்பில் பழகியவர்களுக்கு அந்த மௌனம் பதற்றமாக இருக்கும். பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாமல் காத்திருங்கள். அதே பையன் மதியச் சாப்பாட்டு நேரத்திலும், பிள்ளைகளே வகுப்பறையைத் துடைக்கும் நேரத்திலும் தானாக வந்து பேசுவான். எய்கைவாவில் கிடைக்காத நேரம் அது.

2020-இலிருந்து தொடக்கப்பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளிலும் ஆங்கிலம் மதிப்பெண் போடும் பாடமாகிவிட்டது. அதனால் சின்னப் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்குப் பள்ளியில் நல்ல வேலை இருக்கிறது.

எய்கைவாவில் வருகிறவர்கள் காசு கொடுத்துப் படிப்பவர்கள். மதியம் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை வேலை, சனிக்கிழமையும் உண்டு. நாலு மணிக்கு மழலைகள், ஏழு மணிக்கு டொயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் நல்ல மதிப்பெண்ணுக்காக அலுவலகத்திலிருந்து ஓடிவரும் ஊழியர், நடுவில் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தயாராகும் ஓய்வுபெற்ற பாட்டி. ஒவ்வொரு வகுப்பையும் நீங்கள் தனியாக நடத்த வேண்டும். சொல்லித்தரும் தொழிலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்றே நினைக்கிறேன். உதவியாளராக மூன்று ஆண்டு நின்றால் கிடைக்காத கைப்பழக்கம் இங்கே ஓராண்டில் வந்துவிடும். சம்பளம் சுமார் இரண்டரை லட்சம் யென். பாடத்தோடு புத்தகம் விற்கவும், மாணவரை அடுத்த பருவத்துக்குப் பணம் கட்ட வைக்கவும் சில இடங்களில் எதிர்பார்ப்பார்கள்.

பெரிய பெயரை மட்டும் நம்பிப் போகவும் முடியாது. நாட்டிலேயே மிகப் பெரிய எய்கைவாவாக இருந்த நோவா 2007 அக்டோபரில் திவாலானது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். கம்பெனி கொடுத்த வீட்டையும் சிலர் இழந்தார்கள். கல்வி வாரியத்தின் நேரடி வேலையில் இந்தப் பயம் இல்லை.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். பள்ளியில் ஏஎல்டியாகப் போவதற்கான விசா, குறைந்தது 12 ஆண்டு ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ் வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு இது பெரிய தடை. எய்கைவாவுக்கான விசா வேறு வகை, அதற்குப் பட்டம் போதும். இருந்தும் பல கம்பெனிகள் அதே 12 ஆண்டைக் கேட்கின்றன. நன்றாகச் சொல்லித்தரத் தெரிந்த ஒருவரைப் பள்ளிச் சான்றிதழை வைத்துத் திருப்பி அனுப்புவது வருத்தமாக இருக்கிறது, ஆனால் விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

என் வரிசை இது: முதலில் ஜெட், கிடைக்காவிட்டால் ஒழுங்கான எய்கைவா, அதற்கும் பிறகுதான் ஆள் அனுப்பும் கம்பெனி. குடும்பத்தோடு போகிறவர்கள், மாலையில் வீடு திரும்ப வேண்டியவர்கள் மட்டும் கடைசி இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஜெட் விண்ணப்பம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், தேர்வானவர்கள் அடுத்த கோடையில் கிளம்புவார்கள். ஜப்பானியப் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் கம்பெனிகள் அதற்கு முன்பே ஆள் எடுக்கும். எதில் கையெழுத்துப் போட்டாலும் ஆகஸ்ட் மாதச் சம்பளம் முழுதாக உண்டா, மருத்துவக் காப்பீட்டில் பாதியை முதலாளி கட்டுகிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.