பத்து நிமிடம் பேசாமல் பார்க்கக் கற்றுத்தந்த பயிற்சி

குழந்தைகளின் சமூக வளர்ச்சி பற்றிய இந்தப் பன்னிரண்டு வார இணையவழிப் பயிற்சியில் நான் சேர்ந்தது என் பேரனுக்காக. அவனுக்கு மூன்றரை வயது. பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அழைத்துப் போனால் என் காலோரமாகவே நிற்பான். "போய்ச் சேர்ந்து விளையாடுடா கண்ணா" என்று முதுகில் கைவைத்துத் தள்ளுவேன்; இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்வான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுவதும் அவன் என் பொறுப்பு. பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறதோ என்ற பயம் முதலில் எனக்குத்தான் வந்தது.

வாரம் ஒரு காணொளி, ஒரு கலந்துரையாடல், ஒரு வீட்டுப்பாடம். காணொளிகள் தெளிவாக இருக்கின்றன, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சியின் உயிர் இரண்டாம் வார வீட்டுப்பாடத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் பிள்ளையைப் பார்க்க வேண்டும். பேசக்கூடாது, உதவக்கூடாது, திருத்தக்கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். "கூச்சப்பட்டான்" என்று எழுதினால் செல்லாது. "சட்டைப் பொத்தானைத் திருகினான்" என்று எழுத வேண்டும். முதல் நாள் நான் அனுப்பியதில் பாதியை வழிநடத்துநர் கோடிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "இவையெல்லாம் நீங்கள் நினைத்தவை. பார்த்ததை எழுதுங்கள், ஐயா" என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

மூன்றாம் நாள் பார்த்ததை மறக்க மாட்டேன். இரண்டு சிறுமிகள் மணலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இவன் நான்கடி தள்ளி நின்றான். தோண்டும் கை எழும்போதும் தாழும்போதும் இவன் வலக்கையும் கூடவே எழுந்து தாழ்ந்தது. ஒருத்தி "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்றாள். இவன் உதடுகள் ஓசையில்லாமல் அதையே சொல்லின. ஒரு வாளி உருண்டு வந்தது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காலால் நிறுத்திவிட்டான். எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தச் சிறுமி வந்து எடுத்துக்கொள்ளும்வரை காலை நகர்த்தாமல் நின்றான். இந்தப் பிள்ளையைத்தான் நான்கு மாதங்களாகச் "சும்மா நிற்கிறான்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரக் காணொளியில் மில்ட்ரெட் பார்ட்டன் வந்தார். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து, அவர்கள் ஒருவரோடொருவர் சேரும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்து 1932-இல் வெளியிட்டவர். எதிலும் ஈடுபடாதிருத்தல், தனித்து விளையாடுதல், பார்த்துக்கொண்டிருத்தல், பக்கத்தில் இருந்தபடி தன் விளையாட்டை ஆடுதல், பிறகு சேர்ந்தும் கூடியும் ஆடுதல் என்று போகிறது அந்தப் பட்டியல். பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதில் தனி இடம் உண்டு என்று கேட்டபோது என் மனம் லேசானது. இவற்றைப் படிக்கட்டாக நினைக்கக்கூடாது, ஒரே பிள்ளை ஒரே மணி நேரத்தில் இவற்றுக்கிடையே போய்வரும் என்று பின்னால் வந்த ஆய்வுகளையும் சேர்த்துச் சொன்னது இன்னும் நல்லது.

ஆறாம் வாரப் பாடத்தை வீட்டிலேயே செய்து பார்த்தேன். விம்மர், பெர்னர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1983-இல் வெளியிட்ட சோதனையின் எளிய வடிவம் அது. பொம்மை ஒரு கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது; நான் அதைப் பெட்டிக்கு மாற்றுகிறேன். திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? பேரன் தயங்காமல் பெட்டியைக் காட்டினான். ஐந்தரை வயதுப் பேத்தி, "கூடையில்தான் தேடும். மாற்றியது அதற்குத் தெரியாதே, தாத்தா" என்றாள். முந்தின வாரம்தான் அவளுடைய பென்சில் டப்பாவை இடம் மாற்றி வைத்ததற்காக அவனை அதட்டியிருந்தேன். "அக்கா தேடுவாள் என்று தெரியாதா?" என்று கேட்டேன். டப்பா இருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்பதால் அக்காவுக்கும் தெரியும் என்றே அவன் இருந்திருக்கிறான். பிறர் மனத்தில் தவறான எண்ணம் இருக்கக்கூடும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வாரம் பண்பாடு பற்றியது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் உகாண்டாவில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குப் போய்த் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பார்த்த கதையை அழகாகத் தொடங்குகிறார்கள். தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் அவருடைய சோதனையையும் விளக்குகிறார்கள். அதற்குப் பிறகு, ஜெர்மனியில் இப்படி, ஜப்பானில் அப்படி என்று நாட்டுக்கு ஒரு முத்திரை குத்தி முடித்துவிடுகிறார்கள். இதே சோதனையை வைத்து 8 நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1988-இல் வெளிவந்த கட்டுரை, நாடுகளுக்கு இடையே இருப்பதைவிட ஒரே நாட்டுக்குள் இருக்கும் வேறுபாடே பெரிது என்று காட்டியது. நூலகத்தில் தேடிப் படித்துத்தான் இதை அறிந்தேன். அந்த வாரத்தில் சொல்லியே ஆக வேண்டிய செய்தி இது.

அதைவிட என்னை வருத்தியது வயதுவாரி அட்டவணை. ஒவ்வொரு வயதுக்கும் எதிரே சரி, தவறு என்று குறிக்கக் கட்டங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று கற்றுக்கொடுத்தவர்களே கடைசியில் இதைக் கையில் கொடுக்கலாமா? எங்கள் குழுவில் ஓர் இளம் தாய், தன் மகளுக்கு இரண்டு கட்டங்களில் தவறு விழுந்துவிட்டது என்று மூன்று வாரம் தொடர்ந்து கேட்டார். மூன்றாம் வாரம்தான் பதில் வந்தது. உண்மையிலேயே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளோ, அதாவது ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது போன்றவை, கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் கிடக்கின்றன. அந்த வரி முதல் வாரத்துக்கு வர வேண்டும், அட்டவணை போக வேண்டும். இதைப் பயிற்சிக் குழுவுக்கும் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகும், சிறு பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் யாருக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். இரண்டாம் வார வீட்டுப்பாடம் ஒன்றுக்காகவே சேரலாம். என் மருமகள் அடுத்த பிரிவில் சேர்ந்துவிட்டாள். என் குறிப்பேட்டின் 41-ஆம் பக்கத்திலிருந்து எழுதுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் எழுதிய முதல் வரி: "நின்றான். பார்த்தான். இடது காலை ஓரடி முன்னால் வைத்தான்."