ஆய்வு முடிவுகள் வளர்ச்சி உதவி நிறுவனங்களுக்குப் பயன்பட எந்த வழி மேல்?

உலக வங்கியின் கொள்கை அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று அதன் ஊழியர்களே 2014-இல் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அறிக்கைகளை ஒருவர்கூடப் பதிவிறக்கியிருக்கவில்லை. ஆகவே, எழுதி இணையத்தில் போட்டால் போதும் என்ற வழியை இங்கே பேசவே வேண்டியதில்லை. மிச்சம் மூன்று.

முதலாவது, தொகுப்பாய்வு. ஒரு கேள்வி பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடி, தரம் பார்த்து, சேர்த்துச் சொல்வது. காம்ப்பெல் கூட்டமைப்பு இதைத்தான் செய்கிறது. நம்பகம் அதிகம். ஆனால் ஓர் ஆண்டுக்கு மேலும் இழுக்கும்; அதற்குள் பணம் ஒதுக்கி முடிந்திருக்கும்.

இரண்டாவது, ஹெல்ப்டெஸ்க். பிரிட்டன் அரசின் நிதியில் நடந்த கே4டி இந்த வகை. அதிகாரி கேள்வி அனுப்பினால் சில நாட்களில் பதில் வரும். கேட்ட கேள்வியே தவறென்றால் அதைத் திருத்த ஆளில்லை.

மூன்றாவது, ஆய்வாளரும் களப்பணியாளரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைப்பது. என் தேர்வு இதுதான். வாசிக்கத் திணறும் குழந்தைகளை வயதுப்படி இல்லாமல் அறிந்த நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும், பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பின் முறையையே பாருங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதித்துப் பார்க்கும் ஜே-பால் மையத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து பீகாரில் சோதித்தபோது, அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பாடப்பொருளும் கொடுத்தது மட்டும் பள்ளி நாட்களில் பலன் தரவில்லை. ஆனால் கோடை முகாமில் அரசு ஆசிரியர்களே கற்பித்தபோது குழந்தைகள் முன்னேறினார்கள். அப்படியானால் குறை முறையில் இல்லை. பாடப்புத்தகத்தை முடிக்கும் அவசரத்தில் இதற்கு நேரம் கிடைக்கவில்லை. சரி என்று ஹரியாணாவில் 2012-13 பள்ளியாண்டில் தினமும் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர்களையும் பயிற்றுவித்தார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. தோற்ற இடத்திலேயே நின்று காரணம் தேட, கூடவே இருக்கும் ஆள் வேண்டும். தொகுப்பாய்வு அந்த வேலையைச் செய்யாது.

இந்த வழிக்குச் செலவு அதிகம், ஆளையும் நம்பியிருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு, பொருளியல் ஆய்வாளர் டீன் கார்லனைத் தலைமைப் பொருளியலாளராக்கி ஆய்வை உள்ளேயே கொண்டுவந்தது. 2025-இல் அந்த நிறுவனமே கலைக்கப்பட்டது. கூட்டாகக் கற்றதையெல்லாம் அவ்வப்போது வெளியே பதிப்பித்திருந்தால்தான் அது மற்றவர்களுக்கு மிஞ்சும். ஒரே திட்டத்தைப் பல ஆண்டு நடத்துகிறவர்கள் மூன்றாவது வழிக்கே பணம் வைக்கட்டும். ஆண்டுக்கு ஆண்டு திட்டம் மாறும் சிறிய அமைப்புக்கு ஹெல்ப்டெஸ்க் போதும். ஏற்கெனவே வந்திருக்கும் தொகுப்பாய்வுகளை அந்த அமைப்பு இலவசமாகவே படிக்கலாம்.